மைலோமா நோயாளிக்கு ஸ்டெம் செல் மாற்று: மெல்பாலன் நாள் முதல் அணுக்கள் ஏறும் வரை செவிலியர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: மதுரைச் செவிலி

மூத்த செவிலியர்களுக்கும் உடன் பணியாற்றுவோருக்கும் வணக்கம். மருத்துவப் புற்றுநோய் வார்டில் கீமோ கொடுத்துப் பழகிய நான், அண்மையில் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். எங்கள் பிரிவில் வரும் வாரம் மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு அவருடைய சொந்த ஸ்டெம் செல்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்களை) கொண்டே மாற்று நடைபெற உள்ளது. அவர் ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் விவசாயி. போர்டெசோமிப், லெனலிடோமைடு, டெக்சாமெத்தசோன் ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சையில் நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. ஸ்டெம் செல்கள் சேகரிக்கப்பட்டு உறைநிலையில் உள்ளன. இடுப்புப் பகுதி முதுகெலும்பு ஒன்று அமுங்கியிருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இயல்பைவிடச் சற்று அதிகம். உள்ளங்கால் இரண்டும் மரத்துப் போயிருப்பதாகச் சொல்கிறார்.

மருந்து, அளவு, நேரம் எல்லாம் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட நேரங்களில் செவிலியரின் கண்ணும் கையும் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன். குறிப்பாக, மெல்பாலன் என்னும் கீமோ மருந்து ஏறும்போது ஐஸ்கட்டி சுவைக்கச் செய்ய வேண்டும் என்று எங்கள் நெறிமுறை சொல்கிறது, ஆனால் நோயாளியின் மனைவி, "காய்ச்சல் வரக்கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டு ஐஸைக் கொடுக்கிறீர்களே, சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிடாதா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? எலும்பு பலவீனமான இவரை எப்படி எழுப்பி உட்கார வைப்பது, வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சலை எவ்வாறு கையாள்வது என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பொறுப்புச் செவிலி, கோவை

வணக்கம் சிஸ்டர். ஐஸ்கட்டியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த மூன்று வாரத்தில் நாம் செய்யும் எத்தனையோ வேலைகளில், செலவே இல்லாததும், முழுக்க நம் கையில் இருப்பதும், அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாததும் அதுதான்.

மெல்பாலன் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. அந்த வேளையில் வாய் முழுவதும் குளிர்ந்திருந்தால், உட்பகுதியின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, வாயின் மென்தோலுக்குப் போய்ச் சேரும் மருந்தின் அளவு குறைகிறது. இதனால் ஒரு வாரம் கழித்து வரும் வாய்ப்புண் வராமலே போகலாம். வந்தாலும் கஞ்சி குடிக்கும் அளவுக்கு நின்றுவிடலாம். மருந்து தொடங்குவதற்குச் சுமார் 15 நிமிடம் முன்பே ஐஸ் வாயில் இருக்க வேண்டும். மருந்து ஏறும் நேரம் முழுவதும், முடிந்த பிறகு குறைந்தது அரை மணி நேரமும் தொடர வேண்டும். அதற்கு மேலும் தொடரச் சொல்லும் மையங்கள் உண்டு; உங்கள் நெறிமுறை சொல்லும் நேரத்தைப் பின்பற்றுங்கள். வெறுமனே கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளாமல், நாக்கின் அடியிலும் ஈறுகளின் ஓரத்திலும் தொண்டை வரையிலும் குளிர் பரவும்படி உருட்டச் சொல்லுங்கள். பல் கூசுபவர்கள் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருந்து துப்பலாம்.

அந்த அம்மாவின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளை அப்படிச் சொல்லித்தான் அவர் காப்பாற்றி வளர்த்திருப்பார். மாற்றுப் பிரிவில் வரும் காய்ச்சலில் பெரும்பகுதி, நோயாளியின் சொந்த வாயிலும் குடலிலும் காலங்காலமாக வாழும் கிருமிகள், மென்தோல் கிழிந்த இடத்தின் வழியாக இரத்தத்தில் நுழைவதால் வருகிறது என்று விளக்குங்கள். வாய் கிழியாமல் இருந்தால் கிருமிக்கு ஒரு கதவு அடைக்கப்படுகிறது, அதை அடைப்பதற்குத்தான் ஐஸ் என்று சொன்னால், அவரே கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொள்வார். அவருடைய கேள்வியில் நியாயமான பகுதி ஒன்றும் இருக்கிறது. கடையில் வாங்கிய ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், பிரிவின் ஃப்ரீசரிலேயே, மூடிய தட்டில் செய்யப்பட்ட ஐஸ் மட்டுமே உள்ளே வர வேண்டும். கூர்மையான விளிம்புகள் வாயைக் கீறாதபடி சிறு துண்டுகளாக்கிக் கொடுங்கள்.

மருந்தகத்துடன் நேரத்தை ஒத்துப்போகச் செய்வது அடுத்த வேலை. வழக்கமான மெல்பாலன் தூளைக் கரைத்த பிறகு அது விரைவாகச் சிதையத் தொடங்கும். கரைத்ததிலிருந்து 60 நிமிடத்துக்குள் ஏற்றி முடித்தாக வேண்டும். எனவே நீரேற்றம் ஓடிக்கொண்டிருக்கிறதா, வாந்தித் தடுப்பு மருந்துகள் கொடுத்தாயிற்றா, சென்ட்ரல் லைனில் (பெரிய இரத்தக் குழாயில் செருகிய குழாயில்) இரத்தம் தாராளமாகத் திரும்புகிறதா, ஐஸ் தயாரா என்று எல்லாவற்றையும் உறுதி செய்துகொண்ட பின்னரே மருந்தைக் கரைக்கச் சொல்ல வேண்டும். பொதுவான அளவு உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் 140 ஆகக் குறைப்பது வழக்கம். உங்கள் நோயாளிக்குக் கிரியேட்டினின் கூடியிருப்பதால், அன்று காலை எடுத்த எடையையும் உயரத்தையும் கொண்டு இரண்டு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டு, மருத்துவர் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் பை தொங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அடுத்த 48 மணி நேரம் அவருடைய சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றைக் கையுறையும் மேலங்கியும் அணிந்தே கையாள வேண்டும். இதைத் துப்புரவுப் பணியாளருக்கும் மனைவிக்கும் சொல்லியாக வேண்டும்.

செல்கள் ஏற்றும் நாள் மெல்பாலனுக்குக் குறைந்தது 24 மணி நேரம் கழித்து வரும். இந்தச் செல்கள் நோயைக் கொல்வதில்லை, நோயைக் கொல்வது மெல்பாலன், அது மஜ்ஜையையும் சேர்த்து அழிப்பதால் மீண்டும் விதைப்பதற்குத்தான் அவருடைய செல்களைத் திருப்பித் தருகிறோம் என்பதை நோயாளிக்கு முந்தைய நாளே எளிமையாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் செல் ஏறிய மறுநாளே உடல் தேறிவிடும் என்று எதிர்பார்த்திருப்பவர், ஒரு வாரம் கழித்துத் தளர்ந்து படுக்கும்போது மாற்று தோற்றுவிட்டது என்று மனம் உடைந்துபோவார்.

ஒரு பாதுகாப்புச் செய்தியைப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் அழுத்திச் சொல்வதுண்டு. இந்த நோயாளிக்கு ஏற்றும் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் கதிர்வீச்சு செலுத்தப்பட்டவையாகவும் வெள்ளையணு வடிகட்டப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். ஆனால் ஸ்டெம் செல் பைக்குக் கதிர்வீச்சு செலுத்தவும் கூடாது, வெள்ளையணு வடிகட்டியின் வழியாக அதை ஏற்றவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் திரும்பப் பெற முடியாத இழப்பு. அறையில் இரண்டு வகைப் பைகளும் ஒரே வேளையில் இருக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைந்த செல்களில் டிஎம்எஸ்ஓ என்னும் பாதுகாப்புப் பொருள் கலந்திருக்கும். 37 டிகிரித் தண்ணீரில் உருக்கியவுடன் தாமதமின்றி ஏற்றிவிட வேண்டும். ஏறும்போது தொண்டைக் கரகரப்பு, இருமல், குமட்டல், முகம் சிவத்தல், நாடித் துடிப்புக் குறைதல், இரத்த அழுத்த மாற்றம் ஆகியவை வரலாம். அருகிலேயே நின்று நாடி, அழுத்தம், ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். பூண்டு போன்ற வாடை அறையில் ஓரிரு நாள் இருக்கும். சிறுநீர் சிவந்து போகலாம். இவற்றை முன்கூட்டியே சொல்லாவிட்டால் குடும்பம் பதறிவிடும்.

இனிக் காய்ச்சல். நியூட்ரோபில் என்னும் வெள்ளையணு 500க்குக் கீழே இருக்கும் நாட்களில், ஒரே ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரம் நீடிக்கும் 38 டிகிரி, இரண்டில் எது வந்தாலும் அது அவசரம். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்க இடமில்லை. லைனின் ஒவ்வொரு வழியிலிருந்தும் கை நரம்பிலிருந்தும் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) இரத்தம் எடுத்து, எந்த இடம், எந்த நேரம் என்று குப்பியிலேயே எழுதி, 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும். லைனிலிருந்து எடுத்த குப்பியில் கிருமி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக வளர்ந்தால், தொற்று லைனில் இருக்கிறது என்று மருத்துவர்கள் முடிவு செய்ய உதவுவது நாம் எழுதும் அந்த நேரம்தான். வெப்பமானி காட்டவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. வாந்திக்காக டெக்சாமெத்தசோன் பெற்றவருக்குக் காய்ச்சல் மறைந்திருக்கும். கை கால் குளிர்ந்து, நாடி விரைந்து, பேச்சில் சிறிய தடுமாற்றம் தெரிந்தால் அதையும் காய்ச்சலுக்கு நிகராகவே கருதி அழையுங்கள். வெப்பநிலை பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். மலவாயில் வெப்பமானி, மலவாய் வழி மருந்து, எனிமா, தசை ஊசி எதுவும் வேண்டாம்.

வாயை ஒவ்வொரு ஷிப்டிலும் டார்ச் அடித்துப் பார்த்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் குறித்துவையுங்கள். மிருதுவான பிரஷ், உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளித்தல், உதட்டுக்கு ஈரப்பசை ஆகியவையே அடிப்படை. விழுங்கும்போது முகம் சுளிக்கிறாரா என்று மாத்திரை கொடுக்கும்போதே கவனித்தால், அவர் வலியைச் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

மறுமொழி: தாதி, யாழ்ப்பாணம் – லண்டன்

வணக்கம். கோவைச் சகோதரி தொற்றையும் வாய்ப் பராமரிப்பையும் நிறைவாக எழுதிவிட்டார். மைலோமா நோயாளரை ஏனைய இரத்தப் புற்றுநோயாளரிடமிருந்து வேறுபடுத்துகிற என்பு, சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லுக்கீமியா நோயாளர் ஒருவரைக் கையைப் பிடித்துத் தூக்கி இருத்துவதுபோல மைலோமா நோயாளரைத் தூக்கக் கூடாது. அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தோள் என்போ விலா என்போ முறியக்கூடும். இடுப்பு முதுகென்பு அமுங்கிய உங்கள் நோயாளரைத் திடீரென முன்னால் குனியவைத்தாலும் ஆபத்து. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும் அதே கணத்தில் முழங்கையை ஊன்றி எழும்பும் முறையை, மெல்பாலனுக்கு முன்னர் உடலில் வலு இருக்கும்போதே அவருக்கும் மனைவிக்கும் பயிற்றுங்கள். வெள்ளணு குறைந்து களைத்துக் கிடக்கும்போது புதிதாக எதையும் பழக இயலாது. இடுப்புப் பட்டி அணிய வேண்டுமா, எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பவற்றை என்பியல் வைத்தியரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். அதற்காக முற்றாகப் படுக்கையில் வைத்திருக்கவும் வேண்டாம். அசையாமல் கிடந்தால் என்பிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் கரைவதும், தசை மெலிவதும், நுரையீரலில் சளி தேங்குவதும் கூடும். நாளுக்குப் பல தடவை அறைக்குள்ளேயே நடக்க வையுங்கள்.

உள்ளங்கால் மரத்திருப்பது பெரும்பாலும் போர்டெசோமிப் தந்த நரம்புப் பாதிப்பாக இருக்கும். அவருக்குத் தரை வழுக்குவதும் தெரியாது, சுடுநீர்ப் பை சுடுவதும் தெரியாது. அதே மருந்தினால் எழும்பும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்குவதும் உண்டு. குருதிச் சிறுதட்டுக்கள் (தட்டணுக்கள்) 10,000க்குக் கீழே போயிருக்கும் நாளில் குளியலறையில் விழுந்தால், தலைக்குள் குருதிக்கசிவு ஏற்படலாம். ஆகையால் படுத்த நிலையிலும் எழுந்த நிலையிலும் அழுத்தம் பாருங்கள்; பின்பக்கப் பட்டியுள்ள வழுக்காத செருப்பு அணிவியுங்கள்; இரவில் சிறுநீர்ப் போத்தலைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

முதுகு வலி அவருக்கு ஏற்கெனவே இருப்பதால், புதிய வலியைப் பழைய வலியென்று நினைத்துக் கடந்துவிடும் அபாயம் இருக்கிறது. வலியின் இடமோ தன்மையோ மாறினால், கால்கள் வலுவிழந்தால், சிறுநீர் கட்டினால், தொடையின் உட்புறம் உணர்விழந்தால், முண்ணாண் (தண்டுவட) அழுத்தமாக இருக்கலாம் என்று எண்ணி உடனே வைத்தியரை அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால்களின் இயக்கம் மீளாது போகலாம்.

வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் வகையைச் சேர்ந்த எதுவும் இவருக்குக் கூடாது. சிறுநீரகத்துக்கும் தீங்கு, குருதிக்கசிவுக்கும் வழி. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பொதியை வாங்கிப் பாருங்கள்; நாட்பட்ட முதுகு வலிக்காரர் பலரிடம் அந்த வகை ஒன்றாவது இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் மோர்ஃபினின் சிதைவுப் பொருட்கள் தேங்கி மயக்கத்தைத் தரும் என்பதால் ஃபெண்டானில் தெரிவுசெய்யப்படுவதுண்டு. எதைக் கொடுத்தாலும் மூச்சு வீதத்தையும் விழிப்பு நிலையையும் சேர்த்துப் பதியுங்கள். வலி மருந்து தொடங்கும் அன்றே மலமிளக்கி பற்றியும் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

எடையை நாளுக்கு இரு தடவை, ஒரே தராசில், ஒரே வகை உடையில் பாருங்கள். வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கும் நாட்களில், அதாவது செல் ஏற்றிய 10 முதல் 14 நாள் அளவில், எல்லாரும் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே திடீர்க் காய்ச்சல், தோலில் சிவந்த தடிப்பு, எடைக் கூடுதல், மூச்சுத்திணறல் ஆகியவை ஒன்றாக வரலாம். இதை எங்கிராஃப்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பர். தொற்றை விலக்கிய பின் ஸ்டீரொயிட் கொடுத்தால் பெரும்பாலும் விரைவில் தணியும். ஆனால் முதலில் அதைக் கண்டுகொள்வது எடைப் பதிவேட்டைப் பார்க்கும் தாதிதான். இரத்த எண்ணிக்கை ஏறிவிட்டதென்று பதிவேட்டைத் தளர்த்துவதற்கு அது உரிய நாளல்ல.

இந்த மருந்தின் வரலாற்றில் ஒன்றையும் இவ்விடத்தில் நினைவுகூர விரும்புகிறேன். 1983இல் இங்கிலாந்தின் ராயல் மார்ஸ்டன் வைத்தியசாலையில் மெக்எல்வைன், பவல்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் சதுர மீட்டருக்கு 140 மில்லிகிராம் மெல்பாலனை மைலோமா நோயாளருக்குக் கொடுத்து, நோய் கட்டுப்படுவதை வெளியிட்டார்கள். அப்போது செல்களைத் திருப்பிக் கொடுக்கும் முறை சேரவில்லை. அந்த நோயாளர் வெள்ளணு இன்றி நெடுநாள் கிடந்த காலத்தைத் தாண்டுவதற்கு, தொற்றைத் தடுக்கும் தாதியரின் கைகளைத்தான் பெரிதும் நம்பியிருந்திருப்பர். இன்று சொந்தச் செல் மாற்றில் சிகிச்சையால் நேரும் இறப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. அதில் நம் பணிக்கும் உரிய பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுமொழி: நோயாளியின் மகள்

வணக்கம். நான் செவிலியர் அல்ல. என் தந்தைக்கு இதே நோய்க்கு இதே சிகிச்சை நடந்தபோது உடனிருந்து பார்த்துக்கொண்டவள். அந்த அம்மாவின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மிகவும் உதவியது, எந்த நாளில் என்ன வரும் என்பதைச் செவிலியர் முன்பே சொன்னதுதான். முதல் சில நாட்கள் அப்பா நன்றாகத்தான் இருப்பார், ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து வாயும் வயிறும் தொல்லை தரும், ஒரு வாரத்துக்கு மேல் ஆனதும் பேசக்கூடத் தெம்பு இருக்காது, பிறகு ஒரு காலை எண்ணிக்கை ஏறியிருக்கும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் தளர்ந்தபோது நான் அழுதேன் என்றாலும், இது சொல்லப்பட்டதுதான் என்ற ஒரு பிடிமானம் இருந்தது. முடி உதிர்வதையும், பல வாரங்களுக்கு நாவில் சுவையே தெரியாமல் போவதையும் சொல்லி வையுங்கள். என் தந்தை சாப்பாட்டைத் தள்ளிவிட்டபோது, என் சமையலின் மீது கோபம் என்றே முதலில் எண்ணினேன்.

கோயில் பிரசாதம் குறித்தும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் உறவினர்கள் விபூதியும் துளசித் தீர்த்தமும் பூவும் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த செவிலியர் அவற்றை மறுக்கும்போது, பூவிலும் தேங்கிய தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள பூஞ்சையும் கிருமியும் நமக்கு ஒன்றும் செய்யாதவை, வெள்ளையணு இல்லாதவருக்கு நுரையீரலில் இறங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அப்பாவின் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டுப் பிரசாதத்தை வீட்டில் வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்வார் என்று அவர் சொன்னதை என் பாட்டி முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாராவது மறைத்துக் கொண்டுவந்திருப்பார்கள்.

இன்னொன்று, உடனிருப்பவரையும் ஒரு முறை பெயர் சொல்லி அழைத்துச் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அந்த அறைக்குள் முகக்கவசத்துடன் நாள் முழுவதும் இருப்பவருக்கு, தனக்குச் சளி பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அதனால் தொண்டை வலியைக்கூடச் சொல்லமாட்டார். சொன்னால் கோபிக்கமாட்டோம், உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுமதிப்போம் என்று முதல் நாளே உறுதி கொடுத்துவிட்டால், நோயாளிக்குத்தான் பாதுகாப்பு.

தொடர் கேள்வி: மதுரைச் செவிலி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியிடம் இன்று பேசினேன். ஐஸ் தட்டை நிரப்பும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கை கழுவும் முறையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். பக்கவாட்டில் உருண்டு எழும் பயிற்சியை நாளை பிசியோதெரபிஸ்டுடன் சேர்ந்து தொடங்குகிறோம்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் லோபெரமைடு கொடுத்துவிடலாமா? உணவு விஷயத்தில், தயிர், தேங்காய்ச் சட்னி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வோரும் இருக்கிறார்கள், அப்படிக் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்போரும் இருக்கிறார்கள், எதைப் பின்பற்றுவது?

மறுமொழி: பொறுப்புச் செவிலி, கோவை

லோபெரமைடு உடனே வேண்டாம் சிஸ்டர். மெல்பாலன் குடலின் உட்தோலையும் உரித்துவிடுவதால் வயிற்றுப்போக்கு எதிர்பார்க்கப்பட்டதே. ஆனாலும் ஆன்டிபயாடிக் பெற்றவர்களுக்குக் குளோஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் கிருமியாலும் அது வரும். அந்த நிலையில் குடலின் அசைவைக் கட்டிப்போட்டால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். முதலில் மலப் பரிசோதனை, முடிவு வந்த பின் மருத்துவர் ஒப்புதலுடன் மருந்து. எத்தனை முறை என்று மட்டும் எழுதாமல், அளவை மில்லிலிட்டரில் எழுதுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இழந்த நீரைக் கணக்கிட்டு ஈடு செய்வது அதைப் பொறுத்தது. பொட்டாசியம், மக்னீசியம் குறைகிறதா என்று இரத்த முடிவுகளைப் பாருங்கள். காய்ச்சலுடன் வலப்பக்க அடிவயிற்றில் வலி சேர்ந்தால், அது குடல் சுவரின் அழற்சியாக இருக்கக்கூடும். வாய் வழி எதையும் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். ஒவ்வொரு முறை கழித்த பிறகும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் காக்கும் களிம்பு பூச வேண்டும். மலவாயைச் சுற்றிச் சிவப்பு, வெடிப்பு, வலி உள்ளதா என்று நாள்தோறும் பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விரலால் பரிசோதிக்கக் கூடாது. கூச்சத்தால் ஆண்கள் இதை மறைப்பதுண்டு. ஆண் செவிலியர் இருந்தால் அவரிடம் ஒப்படையுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, பச்சையானவை அனைத்தையும் விலக்கும் கடுமையான கட்டுப்பாடு தொற்றைக் குறைத்ததாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே உங்கள் பிரிவின் விதியை மதித்து நடந்துகொண்டே, எந்த உணவு என்பதைவிட அது எப்படிச் சமைக்கப்பட்டு எவ்வளவு நேரம் வைக்கப்பட்டது என்பதில் கவனம் செலுத்துங்கள். ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், நன்கு வெந்த பருப்பு, முழுவதும் வெந்த முட்டை ஆகியவற்றைச் சுடச்சுடச் செய்து, சிறு சிறு அளவில் பல முறை கொடுக்கலாம். அறை வெப்பத்தில் வைத்த தேங்காய்ச் சட்னி விரைவில் கெடும். அதை விலக்குவதே நல்லது. வீட்டில் உறை ஊற்றிய தயிரையும் வெளியே நறுக்கிய பழத்தையும் நான் இந்த நாட்களில் அனுமதிப்பதில்லை. தடித்த தோலுள்ள வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் நன்றாகக் கழுவி, கழுவிய கையால் உரித்துக் கொடுக்கப் பல பிரிவுகள் இசைகின்றன. வாய் புண்ணானதும் புளியும் காரமும் எரியும். ரசம் வேண்டாம், பருப்புத் தண்ணீர் போதும். இவருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருப்பதால், பொட்டாசியம் கூடியிருக்கும் நாளில் வாழைப்பழமும் இளநீரும் ஆகாது. உணவியல் நிபுணரிடம் அன்றன்றைய இரத்த முடிவைக் காட்டிக் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, ஊர் திரும்பும் விவசாயிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை உள்ளன. சில மாதங்களுக்கு மண், எரு, வைக்கோல், மாட்டுத் தொழுவம், பூச்சிமருந்து எதுவும் கூடாது. முதுகெலும்புக்காகப் பாரம் தூக்குவதும் கூடாது. அக்கி வராமல் தடுக்கும் அசைக்ளோவிரை ஏறக்குறைய ஓராண்டு விடாமல் சாப்பிட வேண்டும். குழந்தையில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்புப் பெரும்பாலும் குறைந்துபோவதால், சில மாதங்கள் கழித்து உயிரற்ற தடுப்பூசிகளை மறுபடி தொடங்குவார்கள். உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடையாது. ஏறக்குறைய நூறாம் நாள் மதிப்பீட்டுக்குப் பிறகு லெனலிடோமைடு பராமரிப்பு மாத்திரை தொடங்கக்கூடும். அப்போது காலில் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் இரத்தக் கட்டியா என்று பார்க்க உடனே வர வேண்டும். காய்ச்சல் வந்தால் உள்ளூரில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காமல் எந்த நேரத்திலும் அழைக்க வேண்டிய பிரிவின் தொலைபேசி எண்ணை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மனைவியிடம் ஒன்றும் அவருடைய சட்டைப் பையில் ஒன்றுமாகக் கொடுத்தனுப்புங்கள். அதில் "கதிர்வீச்சு செலுத்திய இரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும்" என்ற வரியும் இருக்கட்டும். வேறு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அங்குள்ள செவிலியருக்கு அதைச் சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.